ஆடு போகலாம், புழுக்கை விழக் கூடாது

குப்புராஜ் தன் நிலத்துக்கு இரும்பு கேட் போட்டதற்குத் திருட்டுப் பயமும் காரணமில்லை, காட்டுப்பன்றியும் காரணமில்லை. பங்காளி ஒருத்தன் போட்டுவிட்டான், அவ்வளவுதான். பாப்பாரப்பட்டி பட்டறையில் சொல்லிச் செய்த கேட். கதவுக்கு ஒரு மயிலாகத் தகட்டில் வெட்டி நீல பெயின்ட் அடித்து, பூசணிக்காய் உடைத்து நிறுத்திவிட்டான். நிறுத்திய பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. கேட்டைத் திறந்து வைத்தால் இரண்டு கதவும் பின்னால் மடங்கி, மயில் இரண்டும் முள்வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ரோட்டில் போகிறவன் எவனுக்கும் அவை தெரிவதில்லை. மூடி வைத்தால்தான் மயில்.

மூட முடியாதபடி குறுக்கே நின்றவை குள்ளம்மாளின் ஆடுகள்.

குள்ளம்மாளின் வீடு குப்புராஜ் நிலத்துக்குப் பின்னால் இருந்தது. அவள் ஆடு மேய்க்கும் கரட்டுக் குன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம். காலையில் கரட்டுக்குப் போகவும் பொழுது சாய வீடு திரும்பவும் அவன் நிலத்து ஓரத்து வண்டித்தடம்தான் வழி. ஓடைப் பக்கமாகப் போகலாம் என்றால் சீமைக்கருவேலம் ஆள் நுழைய விடாது. தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள், ஆடு என்றும் ஆள் என்றும் பார்ப்பதில்லை. புருஷன் செத்த பிறகு அந்த இருபது சொச்சம் ஆடுகளை வைத்துத்தான் அவள் பொண்ணைக் கட்டிக்கொடுத்தாள், வீட்டு ஓட்டைப் பிரித்து மேய்ந்தாள், இன்னும் வயிற்றைக் கழுவுகிறாள். அந்த வழி குப்புராஜ் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது என்பது ஊருக்கே தெரியும். குள்ளம்மாளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். நன்றி கெட்டவள் என்று யாரும் அவளைச் சொல்லிவிட முடியாது.

ஒருநாள் காலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தால் கேட்டில் பூட்டு. உள்பக்கம் நின்ற ஆடுகள் மயிலின் முதுகை முகர்ந்து பார்த்தன.

"என்னுங்க தம்பி, பூட்டு தொங்குது?"

குப்புராஜ் வாயில் வேப்பங்குச்சியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். நேராக மறுக்க அவனால் முடியாது. பல வருஷத்துக்கு முன்னால் டீக்கடையில் நாலு பேருக்கு நடுவே, "நான் இருக்கறமட்டும் குள்ளம்மாக்கா ஆடு என் நெலத்துலதான் போவும்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவன். சொன்ன சொல் மாறாதவன் என்று ஊரில் பெயர் வேறு. அந்தப் பெயரும் கெடக் கூடாது, மயிலும் தெரிய வேண்டும். இந்த மாதிரி நேரத்துக்கென்றே சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

சட்டம் அவன் வீட்டிலேயே இருந்தது. பெண்டாட்டி தீர்த்தம்மாளின் தம்பி சந்திரமோகன் பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். ஊரார் பத்திரத்தையெல்லாம் நகல் எடுத்து எடுத்து, நாமே வக்கீல் ஆனால் என்ன என்று நாற்பது வயசுக்கு மேல் ஞானம் வந்து, கர்நாடகா பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்ற ஏற்பாடு. முதல் பரீட்சை வருகிற திங்கட்கிழமை, ஒப்பந்தச் சட்டம். அமைதியாகப் படிக்க அக்கா வீட்டுக்கு வந்து, மாட்டுக் கொட்டாய் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"குள்ளம்மாக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று புத்தகத்தில் விரலை வைத்தபடியே எழுந்து வந்தான். "மாமா வாக்கு குடுத்தது வாஸ்தவம். ஆனா சட்டத்துல மறுபயன்னு ஒண்ணு இருக்குது. கோர்ட்ல கன்சிடரேஷன்னு சொல்லுவோம். ஒருத்தர் வாக்கு குடுத்தா பதிலுக்கு எதிராளி ஏதாச்சும் குடுத்திருக்கணும், செஞ்சிருக்கணும். சும்மா குடுத்த வாக்கு செல்லாது. நீங்க மாமாவுக்குப் பதிலுக்கு என்ன குடுத்தீங்க?"

குள்ளம்மாள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"நான் என்னத்தைக் குடுக்கறதுங்க? ஒண்ணும் குடுக்கலீங்க."

"அப்ப வாக்கு செல்லாது" என்றான் சந்திரமோகன். முதன்முதலாகத் தீர்ப்புச் சொன்ன சந்தோஷம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. குப்புராஜ் வேப்பங்குச்சியைத் துப்பினான். "நானா மாட்டேங்கறேன்? சட்டம் சொல்லுதுக்கா."

தொடர்ந்து இத்தனை வருஷம் நடந்த தடத்துக்கு வழிநடைப் பாத்தியம் என்று தனியாக ஒரு சட்டம் இருக்கிறதாம். ஆனால் அது பின்னால் வருகிற வருஷத்துப் பாடம். சந்திரமோகன் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

அன்றைக்குக் குள்ளம்மாள் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். டிப்பர்காரன் அடித்த ஹாரனில் மந்தை நாலாபக்கமும் சிதறி, ஒரு குட்டி பாலத்திலிருந்து விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. இப்படியே போனால் ஆட்டை விற்க வேண்டியதுதான். சாயங்காலமே ஆட்டு வியாபாரி வந்து மந்தையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சேதி அவனுக்கு எப்படித்தான் போய்ச் சேர்கிறதோ! "ஞாயித்துக்கெழமை வண்டியோட வரட்டுங்களா ஆத்தா?" என்று கேட்டான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் கேட்டின் பக்கத்திலிருந்து சந்திரமோகன் கத்தினான்.

"அக்கா! ஆட்டை ஓட்டிட்டு வாங்க! இன்னும் ரெண்டு பக்கம் படிச்சிட்டேன்!"

அவள் ஓடினாள். அவன் தடத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணில் கிடந்த எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபயன் பெருசா இருக்கணும்னு அவசியமே இல்லியாம். துளியூண்டு இருந்தாலும் போதுமாம். வாக்கோட மதிப்புக்கு ஈடா இருக்குதான்னு கோர்ட் தராசு புடிக்காதாம். இது என்ன, சொல்லுங்க?"

"புழுக்கைங்க."

"யாரு ஆட்டுது?"

"என்னுதுதானுங்க."

"யாரு நெலத்துல கெடக்குது?"

விஷயம் குப்புராஜுக்குப் புரிந்துவிட்டது. "மாப்ள, நீ யாரு பக்கம்டா?" என்றான்.

"நான் சட்டத்தும் பக்கம் மாமா. படிச்சதை மறைக்கச் சொல்றீங்களா?"

கேட் திறந்தது. ஆடுகள் போயின, போகிற போக்கில் வழக்கம்போல மறுபயனும் கொடுத்துவிட்டுப் போயின. குப்புராஜ் சும்மா இருப்பானா? பொழுது சாய்வதற்குள் தடம் முழுக்கக் கூட்டி அள்ளி, இரண்டு கூடை புழுக்கையைக் குள்ளம்மாள் வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

"உன் சாமான் உங்கிட்ட வந்திருச்சு. நான் ஒண்ணும் வாங்கிக்கல."

"இத்தன வருசமா வுழுந்ததுங்க தம்பி?"

குப்புராஜ் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டினான். அதெல்லாம் எப்போதோ அவன் சாமந்திச் செடிக்குள் போய், பூவாகி, தர்மபுரி பூ மார்க்கெட்டுக்கும் போய்விட்டது. கோடையில் ஊரார் சாமந்தி குச்சியாக நிற்கும்போது அவன் வயல் மட்டும் மஞ்சளாய்க் கொட்டிக் கிடக்கும். தன் கைராசி என்று சொல்லிக்கொள்வான்.

அடுத்த நாள் சந்திரமோகன் இன்னும் கொஞ்சம் முன்னேறியிருந்தான். இந்த முறை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒரு சிக்கல். மறுபயன் வாக்குக் குடுத்தவர் விருப்பத்தும் பேர்ல நடந்திருக்கணுமாம். அவர் கேட்டிருக்கணும். கேக்காம தானா வுழுந்தது கணக்குல வராது."

"நான் கேக்கல!" என்று குப்புராஜ் குதித்தான். "புழுக்கை போடுன்னு எந்த ஆட்டையும் நான் கேக்கல! எனக்கு அது வேண்டவே வேண்டாம்!"

"அதுல இன்னொண்ணும் இருக்குது மாமா. வாக்கு வாங்குனவரோ வேறொரு நபரோ குடுக்கலாம்னு போட்டிருக்குது. ஆடு நபரான்னு பாக்கணும்."

குள்ளம்மாளுக்குப் பொறுமை போனது. "படிச்சு முடிங்க சாமி முதல்ல! தெனம் ஒரு பக்கம் படிச்சு, தெனம் ஒருக்கா கேட்டைத் தொறந்து மூடுனா நானும் வாயில்லா ஜீவனும் என்ன பண்ணுவோம்? புஸ்தகத்தோட கடைசியில என்ன போட்டிருக்குதுன்னு பாத்துச் சொல்லிப்புடுங்க!"

பின்னாலிருந்து படித்தால் தலையில் ஏறாது என்றான் சந்திரமோகன். ஆனால் அவள் பேச்சில் நியாயம் இருப்பது அவனுக்கே பட்டது. பிளாஸ்டிக் சேரைக் கேட்டுக்கு நடுவே இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து இடைக்கால உத்தரவு ஒன்று போட்டான். பாடம் முடியும்வரை ஆடு போகலாம். ஆனால் குப்புராஜ் நிலத்தில் புழுக்கை விழக் கூடாது. விழுந்தால் அன்றோடு வழி ரத்து.

"போற ஆடு புழுக்கை போடத்தான் போடும். அதுக்குச் சொல்லி நிறுத்த முடியுங்களா?" என்றாள் குள்ளம்மாள்.

"அது உங்க பொறுப்பு."

அன்று ஆடுகளைப் பட்டியிலேயே அடைத்துவிட்டு, நாள் முழுக்க அவள் வாசலில் உட்கார்ந்து யூரியா சாக்கைக் கிழித்துக் கோணி ஊசியால் தைத்தாள். மறுநாள் காலையில் மந்தை வந்ததைப் பார்க்க ஊரில் பாதி வேலிப் பக்கம் நின்றது. ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்னால் ஒரு பை, இடுப்பைச் சுற்றிச் சணல் கயிறு, பையின் மேல் பச்சை எழுத்தில் '46% நைட்ரஜன்'. கிடாய்க்கு மட்டும் அவமானமாக இருந்திருக்க வேண்டும், தலையைத் தொங்கப்போட்டு நடந்தது. யாரோ செல்போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். மயிலுக்காகக் கேட் போட்டவன், மயிலோடு சேர்ந்து தன் மூஞ்சியும் ஊரெல்லாம் போனதைக் கண்டு வீட்டுக்குள்ளே போய்விட்டான்.

குள்ளம்மாள் சிரிக்கவில்லை. காலையும் மாலையும் இருபது முடிச்சு போட்டு, இருபது முடிச்சு அவிழ்த்து அவள் விரல் வெடித்துப் போயிருந்தது. பையில் சேர்ந்ததையெல்லாம் தன் வாசலில் கொட்டிவைத்தாள். விற்றுவிடலாம், நிம்மதி என்று ஒரு மனசு சொன்னது. விற்றுவிட்டு விடிந்ததும் எங்கே போவாய் என்று இன்னொரு மனசு கேட்டது.

பை கட்டிய மூன்றாம் நாள், உச்சிவெயிலில் தீர்த்தம்மாள் அவள் வாசலுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை, பேசவில்லை. குவிந்து கிடந்த புழுக்கையைப் பார்த்தாள். தன் கையிலிருந்த வெறுங்கூடையைப் பார்த்தாள். பிறகு குள்ளம்மாளைப் பார்த்தாள்.

"என்னம்மா, எரு வேணுமா?"

தீர்த்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான் கேக்கலக்கா. வாயத் தொறந்து கேட்டா கேஸ் கெட்டுப்போயிரும்னு சொல்லி வெச்சிருக்கறாரு. நான் பாட்டுக்கு நிக்கறேன்."

"அப்ப நானும் குடுக்கல. நான் பாட்டுக்கு உள்ள போறேன்" என்று குள்ளம்மாள் எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கூடையும் இல்லை, குவியலில் பாதியும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரியோடு பாடம் முடிந்துவிட்டது என்று சந்திரமோகன் சொல்லி அனுப்பினான். ஞாயிறு காலை கேட்டில் இறுதி விசாரணை. அதே காலையில்தான் வியாபாரியின் டாடா ஏஸ் வண்டியும் வந்து ரோட்டோரம் நின்றது. தீர்ப்பு எப்படி என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவன் பீடி பற்றவைத்தான். குள்ளம்மாள் கேட்டுக்கு உள்பக்கம் மந்தையோடு நின்றாள். கால் கட்டிய குட்டி அவள் தோளில் இருந்தது. மூடின கேட்டுக்கு வெளியே குப்புராஜ் வெள்ளை வேட்டி கட்டி நின்றான். ஊர் அவனுக்குப் பின்னால் நின்றது.

சந்திரமோகன் சேரில் உட்கார்ந்தான். "மறுபயன் இல்லாமலே செல்லுபடியாகற வாக்கும் உண்டாம். அதை முதல்ல பாத்துரலாம். நெருங்கின சொந்தம், அன்பு, பாசத்துனால எழுதிப் பதிஞ்சு குடுத்தா செல்லும். உங்க ரெண்டு பேருக்குள்ள அந்த மாதிரி பாசம் கீசம் உண்டா?"

"ஏனுங்க சாமி, எம் பேர்ல பாசம் வெக்க இவருக்கென்ன கிறுக்கா?" என்றாள் குள்ளம்மாள். கூட்டம் சிரித்தது. குப்புராஜ் வேகவேகமாகத் தலையை ஆட்டி மறுத்தான். அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

"சரி. அப்ப கேள்வி ஒண்ணே ஒண்ணு. மாமா, மொதமொத இந்த வழியா ஆட்டை ஓட்டச் சொன்னது யாரு?"

"நான்தான். பாவம், ஓடை வழியா முள்ளுல சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பிடி ஓட்டுக்கான்னு நானாத்தான் கூப்ட்டேன். நல்லதுக்குக் காலம் இல்ல."

"குள்ளம்மாக்கா, அப்பிடித்தானா?"

"அப்பிடித்தானுங்க" என்றாள் அவள். "ஏன் சுத்தறேக்கா, இப்பிடி ஓட்டுன்னு வரப்பு மேல நின்னு கூப்ட்டாரு. நான் மறக்கல."

"மீதியையும் சொல்லேன்க்கா" என்று ஒரு குரல் வந்தது. தீர்த்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீ உள்ள போ" என்றான் குப்புராஜ்.

"போறேன். சொல்லிட்டுப் போறேன். அந்த வருசம் நெலம் பாறையாட்டம் கெடந்துச்சு. சாமந்தி வெச்சதெல்லாம் கருகிப் போச்சு. எரு வாங்க நாதியில்ல. குள்ளம்மாக்கா ஆட்டை இப்பிடி ஓட்டச் சொன்னா எருவாச்சும் கெடைக்கும்னு ஒரு மாசமா நான் உங்க காதைக் கடிச்சேன். அப்பறம்தான் வரப்பு மேல நின்னு கூப்ட்டீங்க. ஏன் சுத்தறேக்கா, இப்பிடி ஓட்டு, நம்ம கொல்லையிலயும் நாலு புழுக்கை வுழட்டும்னு. நான் உங்க பக்கத்துலதான நின்னேன்."

சந்திரமோகன் சேரை விட்டுத் துள்ளி எழுந்தான். "கேட்டிருக்கறாரு! விருப்பம் வந்திருச்சு, மறுபயன் வந்திருச்சு, வாக்கு செல்லும்!" பரீட்சையிலேயே பாஸானவன் போல அவன் சுற்றிலும் பார்த்தான்.

குள்ளம்மாள் அசையவில்லை. வரப்பின் மேல் நின்ற குப்புராஜ் அன்றைக்குச் சொன்னதன் பின்பாதி இப்போது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கும் விழுந்ததுதான். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து அதை விட்டுவிட்டு, முன்பாதியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். அந்த முன்பாதிக்காக அவன் வீட்டுக் கல்யாணத்தில், காதுகுத்தில், சீமந்தத்தில் யாரும் சொல்லாமலே போய் அண்டா அண்டாவாகப் பாத்திரம் கழுவியிருக்கிறாள். வழி விட்ட புண்ணியவான் வீடாயிற்றே என்று பந்தியில் உட்காராமல், எல்லாரும் எழுந்துபோன பிறகு பின்கட்டில் நின்றபடி சாப்பிட்டிருக்கிறாள். இத்தனை காலம் பிச்சை என்று தலை குனிந்து வாங்கியதற்கு அவள் நாள் தவறாமல் விலை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆத்திரம் தலைக்கு ஏறியது. அதோடு, என்ன சொல்வது, ஒரு சந்தோஷமும் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

குப்புராஜ் பூட்டைத் திறந்தான். கூட்டத்துக்கு முன்னால் எதையாவது சொல்லி மீசையை நிமிர்த்த வேண்டுமே. "சட்டம் கெடக்குது சட்டம். பொம்பளை, பாவம், பொழச்சிட்டுப் போகட்டும். போக்கா, ஓட்டிட்டுப் போ."

ஆடுகள் கேட்டைப் பார்த்து நகர்ந்தன. குள்ளம்மாள் குறுக்கே போய் நின்று கோலை நீட்டி மந்தையை நிறுத்தினாள்.

"பாவம்னா வேண்டாம்."

"என்னக்கா?"

"பாவம்னு வுடறதா இருந்தா வேண்டாம். அந்தா வண்டி நிக்குது, ஏத்தி அனுப்பிட்டுப் போறேன். புழுக்கை வேணும்னு சொல்லுங்க தம்பி. வேணும்னா போறேன்."

குப்புராஜ் மச்சானைப் பார்த்தான். மச்சான் புத்தகத்தைப் பார்த்தான். தீர்த்தம்மாள் சாமந்திச் செடியைப் பார்த்தாள். அங்கே மொட்டு விடும் செடி எருவுக்குக் காத்து நின்றது குப்புராஜுக்கும் தெரியாததல்ல. வியாபாரி பீடியை மிதித்து அணைத்துவிட்டு வண்டியின் பின்கதவைத் திறந்தான்.

"வேணும்" என்றான் குப்புராஜ், தரையைப் பார்த்து.

"சாட்சிங்க காதுல வுழணும் மாமா" என்றான் சந்திரமோகன்.

"வேணும்க்கா! ஆட்டுப் புழுக்கை எனக்கு வேணும்! போதுமா?"

குள்ளம்மாள் கோலை எடுத்தாள். மந்தை குபுகுபுவென்று அவன் வெள்ளை வேட்டியை உரசிக்கொண்டு வெளியே போனது. தோளில் குட்டியோடு கடைசியாக வந்தவள் அவனுக்கு நேராக நின்றாள்.

"வர்ற தை மாசம் உங்க வூட்ல கல்யாணம்னு கேள்விப்பட்டேன். பத்திரிகை வையுங்க. வந்து மொதப் பந்தியில உக்காந்து சாப்புடறேன்."